க(5) = 63.40 என்றால் என்ன? சார்புக் குறியீட்டை விலைகளில் படிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளி திறந்ததும் முதல் பாடமே ‘உறவுகளும் சார்புகளும்’தான். மதிப்பைப் போட்டு விடை எடுப்பதெல்லாம் சரியாகவே வந்துவிடும். “சரி, இந்த 63.40 எதோட 63.40?” என்று கேட்டால் மட்டும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகூட முழிக்கும். வருடா வருடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன், பெற்றோர் கேட்டதும் சில உண்டு. பாடப்புத்தகத்தில் ஆங்கில எழுத்துகள் இருக்கும். நான் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், எந்த எழுத்து என்பதில் ஒன்றும் இல்லை.

எஃப்(எக்ஸ்) என்றால் எஃப்பை எக்ஸால் பெருக்கு என்றுதானே அர்த்தம்?

இல்லை. ஆனால் அப்படி நினைக்கிற பிள்ளையைத் திட்டாதீர்கள். சின்ன வகுப்புகள் முழுக்க 3(4) என்றால் 12 என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, திடீரென்று அதே அடைப்புக்குறிக்கு வேறு வேலை கொடுத்தால் குழம்பத்தானே செய்யும்?

இங்கே வெளியே நிற்பது எண் இல்லை, ஒரு விதியின் பெயர். ஒன்றைக் கொடுத்தால் ஒரே ஒரு பதிலைத் தரும் அந்த மாதிரி விதியைத்தான் சார்பு என்கிறோம். உள்ளே இருப்பது அந்த விதியிடம் நாம் கொடுப்பது. தள்ளுவண்டிக்காரரிடம் போய் “தக்காளி மூணு கிலோ எவ்வளவுண்ணே?” என்று கேட்கிறீர்கள் இல்லையா, அதுதான் வி(3). அவர் “நூறு ரூபா” என்கிறார். வி(3) = 100. கேள்வி இடப்பக்கம், பதில் வலப்பக்கம். உள்ளே கிலோ, வெளியே வருவது ரூபாய். ‘வி’ என்பது அந்த வண்டியின் விலை விதிக்கு நாம் வைத்த பெயர், அவ்வளவுதான். பெயரை 3ஆல் பெருக்க முடியாது.

இப்படி எழுதும் பழக்கம் 1734 வாக்கில் கணித அறிஞர் லியோனார்டு ஆய்லர் தொடங்கியது. மனிதர் எழுதிக் குவித்த பக்கங்களுக்கு இந்த மாதிரி சுருக்கெழுத்து இல்லாமல் முடியாதுதான்.

க(5) = 63.40 என்பதை ஒரு வாக்கியமாக எப்படிப் படிப்பது?

முதலில் க என்பது எது, உள்ளே போவது எந்த அலகில், வெளியே வருவது எந்த அலகில் என்று பாருங்கள். இந்த மூன்றும் தெரியாமல் கணக்கில் இறங்கினால் விடை வரும், அர்த்தம் வராது.

நான் எடுத்துக்கொண்டது ஆட்டோ கட்டணம். 2013இல் தமிழக அரசு நிர்ணயித்தது: முதல் 1.8 கிலோமீட்டர் வரை 25 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். (மீட்டர் போட்டு ஓட்டினால் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், கணக்குக்கு உதவும்.) தூரத்தை ‘தூ’ என்று வைத்தால், தூ 1.8க்கு மேல் போகும்போது

க(தூ) = 25 + 12(தூ − 1.8)

இதில் 5 கிலோமீட்டரைப் போட்டால் 25 + 12 × 3.2, அதாவது 63.40. ஆக வாக்கியம்: “5 கிலோமீட்டர் சவாரிக்கு ஆட்டோ கட்டணம் 63 ரூபாய் 40 காசு.” பரீட்சையில் ‘பொருள் கூறுக’ என்று கேட்டால் இப்படி எழுதினால் போதும். “5ஐப் பிரதியிட 63.40 கிடைக்கிறது” என்று எழுதுவது பொருள் கூறுவது ஆகாது, செய்ததையே திருப்பிச் சொல்வது.

அப்புறம் ஒன்றைக் கவனித்தீர்களா? மேலே உள்ள சூத்திரத்திலேயே இரண்டு ஜோடி அடைப்புக்குறி இருக்கிறது. க(தூ) என்பதில் பெருக்கல் இல்லை, 12(தூ − 1.8) என்பதில் இருக்கிறது. ஒரே வரியில் இரண்டும்! 12 ஒரு எண், க ஒரு பெயர். இதைப் பிரித்துப் பார்க்க வந்துவிட்டால் முதல் கேள்வியின் குழப்பம் பாதி போய்விடும்.

க(5 + 2), க(5) + 2, க(5) + க(2) எல்லாம் ஒன்றுதானே?

மூன்றும் மூன்று வேறு கதை. நான் அதிக நேரம் செலவழிப்பது இந்த இடத்தில்தான்.

க(5 + 2) என்றால் கூட்டல் அடைப்புக்குள் நடக்கிறது, அதாவது கிலோமீட்டரோடு கிலோமீட்டர் சேர்கிறது. ஒரே சவாரி, 5 போக வேண்டியவர் இன்னும் 2 கிலோமீட்டர் தள்ளிப் போகிறார். க(7) = 25 + 12 × 5.2 = 87.40.

க(5) + 2 என்றால் கூட்டல் வெளியே நடக்கிறது, அங்கே இருப்பது ரூபாய். 5 கிலோமீட்டர்தான் போனார், மேலே இரண்டு ரூபாய் சேர்த்துக் கொடுத்தார். 65.40.

க(5) + க(2) என்றால் இரண்டு சவாரி. ஐந்து கிலோமீட்டரில் இறங்கிவிட்டார், வேலையை முடித்துவிட்டு வேறு ஆட்டோ பிடித்து இன்னும் இரண்டு போனார். 63.40 + 27.40 = 90.80.

முதலாவதும் மூன்றாவதும் ஒரே தூரம்தான், 7 கிலோமீட்டர். ஆனாலும் 3 ரூபாய் 40 காசு வித்தியாசம். எங்கிருந்து வந்தது? இரண்டாவது ஆட்டோவில் ஏறியதும் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய் விழுகிறது. அதே 1.8 கிலோமீட்டர் முதல் ஆட்டோவிலேயே தொடர்ந்திருந்தால் 12 × 1.8 = 21.60தான். 25இல் 21.60 போனால் 3.40. இதைப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க விடுங்கள், நீங்களே சொல்லிவிடாதீர்கள்.

இதே மாதிரிதான் 2 × க(5)ம் க(10)ம். முதலாவது 126.80, போக ஒரு ஆட்டோ வர ஒரு ஆட்டோ. இரண்டாவது 123.40, ஒரே மூச்சில் பத்து கிலோமீட்டர். வித்தியாசம் அதே 3.40.

சூத்திரமே இல்லாமல் விலைப் பலகை மட்டும் இருந்தால் அது சார்பா?

ஆம். தள்ளுவண்டியில் அட்டையில் சாக்பீஸால் எழுதியிருக்கும்: கிலோ 40, ரெண்டு கிலோ 70, மூணு கிலோ 100. வி(1) = 40, வி(2) = 70, வி(3) = 100. ஒவ்வொரு எடைக்கும் ஒரே ஒரு விலை, அது போதும். சூத்திரம் கிடைத்தால் வசதி, கிடைக்கவில்லை என்பதற்காகச் சார்பு இல்லாமல் போகாது.

வி(2) என்பது வி(1)இன் இரண்டு மடங்கு இல்லை என்பதையும் பாருங்கள். “ஒரு கிலோ 40 என்றால் இரண்டு கிலோ 80” என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து பழகிய மூளை இதைத் தப்பு என்று சொல்லும். தப்பில்லை. இரண்டு மடங்கு வாங்கினால் இரண்டு மடங்கு விலை என்பது சில விதிகளுக்கு மட்டும் உள்ள குணம், எல்லாவற்றுக்கும் கிடையாது.

அதே வண்டியில் எனக்கு 40, பக்கத்து வீட்டு அக்காவுக்கு 35. அப்போதும் சார்பா?

எடையை மட்டும் வைத்துப் பார்த்தால் இல்லை. ஒரே உள்ளீட்டுக்கு இரண்டு பதில் வந்தால் சார்பு என்று சொல்ல மாட்டோம். வரைபடத்தில் இதைத்தான் குத்துக்கோட்டுச் சோதனை என்கிறார்கள்: நிமிர்ந்த கோடு ஒன்று படத்தை இரண்டு இடத்தில் வெட்டினால் போச்சு.

ஆனால் அந்த அக்கா பேரம் பேசுவதில் கெட்டிக்காரர், நீங்கள் கேட்டதைக் கொடுத்துவிட்டு வருகிறவர் என்பதையும் உள்ளே போட்டால்? வி(1, நீங்கள்) = 40, வி(1, அக்கா) = 35. இப்போது ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே பதில், மறுபடி சார்பாகிவிட்டது. பெரும்பாலும் “இது சார்பு இல்லை” என்று தோன்றும் இடத்தில், உள்ளே போட வேண்டிய ஏதோ ஒன்றை மறந்திருப்போம்.

தங்கம் இதற்கு நல்ல உதாரணம். எட்டு கிராம் என்ன விலை என்று கேட்டால் நகைக்கடைக்காரர் முதலில் அன்றைய ரேட்டைப் பார்ப்பார். ந(எடை, நாள்) என்று எழுதினால்தான் நியாயம். சில நாள் காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று மாறும்போது நாள்கூடப் போதாது. அதோடு அலகு. ‘ந(1)’ என்று ஒருவர் எழுதுகிறார், உள்ளே இருக்கும் 1 பவுனா கிராமா? பவுன் என்றால் 8 கிராம், பில் எட்டு மடங்கு. குறியீட்டில் அலகு தெரியாது, அதைப் பக்கத்தில் எழுதி வைப்பது நம் வேலை.

மதிப்பகம், வீச்சகம் என்பதெல்லாம் கடையில் எங்கே வருகிறது?

மதிப்பகம் என்றால் உள்ளே எதைப் போடலாம் என்ற பட்டியல். பரோட்டா கடையில் ப(2), ப(3) உண்டு, ப(2.5) கேட்டால் மாஸ்டர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். சந்தையில் கத்தரிக்காயைக் கூறு கட்டி வைத்திருப்பார்கள், கூறு 20 ரூபாய். அரைக் கூறு கிடையாது. அங்கே மதிப்பகம் 1, 2, 3 என்று முழு எண்கள்தான். பெட்ரோல் பங்கில் 2.37 லிட்டர்கூடப் போடலாம். ஆகவே சூத்திரம் ஒன்று போலவே இருந்தாலும், வரைபடத்தில் கூறுக்குத் தனித்தனிப் புள்ளி, பெட்ரோலுக்குத் தொடர்கோடு.

வீச்சகம் என்றால் வெளியே எந்தெந்தப் பதில்கள் வரக்கூடும் என்ற பட்டியல். கூறு வியாபாரத்தில் 20, 40, 60. அங்கே யாராவது “50 ரூபாய்க்கு வாங்கினேன்” என்றால் கணக்கு இடிக்கிறது. இன்னும் சுவாரசியமான வீச்சகம் ஈபி பில்லில் இருக்கிறது.

ஈபி பில்லில் 500 யூனிட் தாண்டக் கூடாது என்று வீட்டில் பதறுகிறார்களே, ஒரு யூனிட்டில் என்ன வந்துவிடும்?

233 ரூபாய் வந்துவிடும்.

2022 செப்டம்பரில் வந்த வீட்டு மின்கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் அப்புறம் மாறின, நான் காட்ட வருவது விதியின் வடிவத்தை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பு. மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால்: முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25, 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய்.

மி(500) = 0 + 225 + 900 + 600 = 1,725.

மொத்தம் 500ஐத் தாண்டினால் வேறு அட்டவணை: முதல் 100 இலவசம்தான், ஆனால் 101இலிருந்து 400 வரை முழுக்க 4.50, அதன்பின் 500 வரை 6, பிறகு 600 வரை 8, அதற்கு மேல் 9, 10, 11 என்று ஏறும்.

மி(501) = 0 + 1,350 + 600 + 8 = 1,958.

‘501வது யூனிட்டின் விலை என்ன?’ என்ற கேள்விக்குப் பலகையைப் பார்த்தால் 8 ரூபாய். குறியீட்டில் எழுதினால் அது மி(501) − மி(500), அதாவது 233. அந்த ஒரு யூனிட் உள்ளே வந்ததும், நீங்கள் எப்போதோ செலவழித்து முடித்த 101 முதல் 200 வரையிலான நூறு யூனிட்டுக்கும் விலை 2.25இலிருந்து 4.50ஆக மாறிவிடுகிறது. அதற்கு 225, மேலே 8.

எங்கள் வீட்டில் இது திருவிழா மாதிரி. மே மாதத்தில் கணக்கெடுக்க வருகிற தேதிக்கு நாலு நாள் முன்பிருந்தே அப்பா டார்ச் லைட்டோடு மீட்டர் பெட்டி முன்னால் நிற்பார், ஈபி அட்டையில் போன முறை எழுதிய ரீடிங்கைக் கழித்துப் பார்த்துவிட்டு “இன்னும் ஒம்பது யூனிட்தான் இருக்கு, ஏசியைத் தொடாதீங்க” என்று அறிவிப்பார். சார்பு என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார், ஆனால் மி எங்கே துள்ளுகிறது என்பது நன்றாகத் தெரியும்.

2017 கட்டணத்தில் இந்தத் துள்ளல் இன்னும் மோசம். 500 யூனிட்டுக்கு 1,130 ரூபாய், 501க்கு 1,786.60. நிலைக்கட்டணமும் சேர்ந்து ஒரே யூனிட்டில் 656 ரூபாய் 60 காசு.

மி(250) = 450. அப்படியானால் யூனிட் 1.80 என்று சொல்லலாமா?

சராசரியாக என்று சொன்னால் சரி. 450ஐ 250ஆல் வகுத்தால் 1.80தான். ஆனால் அடுத்த யூனிட்டும் 1.80க்குக் கிடைக்கும் என்று நினைத்து ஹீட்டரைப் போட்டால் அந்த யூனிட்டுக்கு 4.50 விழும். மி(250)/250 ஒரு கேள்வி, மி(251) − மி(250) வேறு கேள்வி. “எங்க வீட்டு கரண்ட் சீப்” என்று பேசுகிறவர்கள் முதலாவதைச் சொல்கிறார்கள். இன்னும் கொஞ்ச நேரம் ஏசி ஓடலாமா என்று முடிவெடுக்க வேண்டியது இரண்டாவதை வைத்து.

ஆட்டோவில் இந்தத் தொல்லை குறைவு. (க(10) − க(5))/5 என்றால் 60/5 = 12, ஐந்திலிருந்து பத்துக்குப் போகும்போது கிலோமீட்டருக்கு 12. 1.8 தாண்டிவிட்டால் எங்கே எடுத்தாலும் அதே 12தான் வரும், அதனால்தான் அந்தப் பகுதி நேர்கோடு.

விலையைக் கொடுத்து யூனிட்டைக் கேட்டால்?

மி(யூ) = 1,125 என்று வந்தால் பதில் இடப்பக்கத்துக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது. பலகையைப் பின்னாலிருந்து படியுங்கள்: 225 + 900 = 1,125, யூ = 400. இங்கே பிள்ளைகள் செய்கிற தப்பு ஒன்று உண்டு: மி(1,125) என்று எழுதிவிடுவார்கள். அது 1,125 யூனிட் எரித்தால் பில் எவ்வளவு என்ற கேள்வி, பார்த்தாலே மயக்கம் வரும்.

இப்போது சொல்லுங்கள், மி(யூ) = 1,800 என்றால் யூ எவ்வளவு? 500க்கு 1,725, 501க்கு 1,958. இடையில் எதுவும் இல்லை. அந்தக் கட்டணத்தில் 1,800 ரூபாய் பில் யாருக்கும் வந்திருக்கவே முடியாது. 1,800 வீச்சகத்தில் இல்லை.

மி(யூ) = 0 என்றால்? பூச்சியத்திலிருந்து 100 வரை எதுவாகவும் இருக்கலாம். வீடு பூட்டிக் கிடந்ததா, ஒரு ஃபேன் மட்டும் ஓடியதா என்று பில்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. பாடப்புத்தகம் ‘ஒன்றுக்கு ஒன்றான சார்பு’ என்று தனியாகப் பெயர் வைத்துச் சொல்வது இதைத்தான்: வெவ்வேறு உள்ளீட்டுக்கு வெவ்வேறு பதில் வந்தால் மட்டுமே பின்னோக்கிப் போக வழி இருக்கும்.

தள்ளுபடி முதலிலா, ஜிஎஸ்டி முதலிலா? இதில் சார்புகளின் சேர்ப்பு எங்கே வருகிறது?

ஹோட்டலில் 1,000 ரூபாய்க்குச் சாப்பிட்டீர்கள், கையில் 100 ரூபாய் கூப்பன், வரி 5 சதவீதம். தள்ளுபடி விதி த(ர) = ர − 100, வரி விதி வ(ர) = 1.05 × ர. இரண்டும் ரூபாயை வாங்கி ரூபாயைத் தருபவை, அதனால் ஒன்றின் விடையை இன்னொன்றுக்குள் போடலாம், சேர்ப்பு என்பது அதுதான்.

வ(த(1000)): உள்ளே இருப்பதைத்தான் முதலில் செய்ய வேண்டும். கூப்பன் போய் 900, வரியோடு 945. த(வ(1000)): வரியோடு 1,050, கூப்பன் போய் 950. ஐந்து ரூபாய் வித்தியாசம், அது கூப்பனின் 100 ரூபாய்க்கும் போட்ட வரி. பில்லிலேயே காட்டும் தள்ளுபடியைக் கழித்த பிறகுதான் ஜிஎஸ்டி போட வேண்டும், எனவே முதலாவதுதான் முறை.

கூப்பனுக்குப் பதில் 10 சதவீதத் தள்ளுபடி என்றால் எந்த வரிசையில் செய்தாலும் 945தான். 0.9ஐயும் 1.05ஐயும் எப்படி மாற்றிப் பெருக்கினாலும் ஒன்றுதானே. இடப்பக்கத்திலிருந்து படித்துப் பழகியதால் வ(த(ர)) என்பதில் ‘வ’வை முதலில் செய்கிற பிள்ளைகள் நிறைய, சட்டை மேல் கோட்டு போடுகிற மாதிரி, வெளியே தெரிவது கடைசியாகப் போட்டது என்று சொல்லிப் பார்த்தேன், ஓரளவு வேலை செய்கிறது.

கூட வாங்கினால் மொத்தத் தொகையே குறையும் விலை உண்டா?

உண்டு, நானே அதில் மாட்டியிருக்கிறேன். ஒரு ஜெராக்ஸ் கடையில் மாதிரி வினாத்தாள் 84 பக்கம் எடுத்தேன், பக்கம் 2 ரூபாய், 168 கொடுத்துவிட்டுத் திரும்பும்போதுதான் சுவரில் பேப்பர் கட்டுக்குப் பின்னால் பாதி மறைந்திருந்த பலகையைப் பார்த்தேன்: “100 பக்கத்துக்கு மேல் 1 ரூ.”

இந்த வரியை இரண்டு விதமாகப் படிக்கலாம். நூறு வரை 2 ரூபாய், அதற்கு மேல் வருகிற பக்கங்களுக்கு மட்டும் 1 ரூபாய் என்று படித்தால் ஜெ(120) = 200 + 20 = 220. மொத்தமே 1 ரூபாய் வீதம் என்று படித்தால் ஜெ(120) = 120. ஒரே பலகை, இரண்டு சார்பு. கேட்டேன். “எல்லாத்துக்கும்தான் சார், நூறு வந்தாலே போதும்” என்றார்.

அப்படியானால் ஜெ(84) = 168, ஜெ(100) = 100. ஜெ(50)ம் 100தான். 51இலிருந்து 99 வரை எந்த எண்ணிக்கையில் எடுத்தாலும் நூறு பக்கம் எடுப்பதைவிட அதிகம் கொடுக்கிறீர்கள். “அப்ப இன்னும் பதினாறு பக்கம் எதையாவது எடுத்துக் கொடுங்க, மீதி அறுபத்தெட்டைத் திருப்பிக் கொடுங்க” என்றேன். அவர் மிஷினை அணைத்துவிட்டிருந்தார்.